நீல நூல் கொத்தனார்

போன தை மாதம் மாதா கெபித் திருவிழாவுக்காகத் தீவுக்குப் போயிருந்தோம். எங்களுக்குப் பிறகு அங்குள்ள ஆலயத்துக்குக் காவலாக வந்திருக்கும் குடும்பம் நாங்கள் இருந்த வீட்டில்தான் இருக்கிறது. அந்த வீட்டுப் பெண் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, உள்ளறையைக் காட்டிக் கேட்டாள்.

"அக்கா, இந்த ஜன்னல எந்தக் கொத்தனாரு வச்சான்? நின்னு பாத்தா ஒண்ணுமே தெரியமாட்டங்கு. கோழி பாக்குறதுக்கு வச்ச மாதிரில்லா இருக்கு."

ஜன்னலுக்கு முன்னால் அரிசி மூட்டையைச் சாத்தி வைத்திருந்தாள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். என் வீட்டுக்காரர் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தக் கொத்தனாரைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் இன்றுவரை உட்கார்ந்து பேசியதில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து ஃபைபர் படகில் அரைமணி நேரம் போனால் வரும் சின்னத் தீவு அது. ஒரு சிற்றாலயம், மாதா சொரூபம் நிற்கும் குகைபோல ஒரு கெபி, மீன்பிடிக்க வருகிறவர்கள் தங்கும் ஆறேழு குடிசை. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று கிளம்பிவிட்டால் குடிசைக்காரர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆலயத்தைத் திறந்து, மணி அடித்து, விளக்கு ஏற்றுகிற வேலை என் வீட்டுக்காரருக்கு என்பதால் நாங்கள் மட்டும் இருப்போம். எங்கள் வீடு ஓர் அறையும் ஓர் அடுக்களையும்தான். கல்யாணமாகி நாலு வருடம் கழித்து நான் உண்டாகியிருந்தேன். பங்குச் சாமியாரிடம் என் வீட்டுக்காரர் போய் நின்று, தலையைச் சொறிந்து, இன்னோர் அறை சேர்த்துக் கட்டிக்கொள்ள அனுமதி வாங்கிவந்தார். அதைக் கட்டத்தான் அந்தக் கொத்தனார் வந்தார்.

அவர் கடற்கரைக்காரர் இல்லை. உடன்குடிப் பக்கம், பனங்காட்டுச் செம்மண். கடல் என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம். முதல்நாள் படகில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தார். கரையில் இறங்கியதும் வேட்டியை உதறிக்கொண்டு, "இனி வேல முடிஞ்சாத்தான் இந்தச் சனியன்ல ஏறுவேன்" என்றார். சொன்னபடியே தை பிறக்கும்வரை ஏறவில்லை. ஆலய வராந்தாவில் ஒரு பாயும் ஒரு தகரப் பெட்டியும்தான் அவருடைய குடித்தனம்.

பங்கில் ஒரு டிப்ளமோ படித்த பையன் அழகாக வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தான். என் வீட்டுக்காரர் அதைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்து எடுத்து நீட்டினார். கொத்தனார் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சுவரு இருக்கு, கதவு இருக்கு. ஆளக் காணுமே மாப்ள."

"ஆள எப்படி அண்ணாச்சி வரைய முடியும்?"

"அதத்தான் நானும் சொல்லுதேன்" என்று அதை மடித்து, ஈர மணலில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு எங்களை நடக்கவிட்டார். ஆமாம், நடக்கவிட்டார். என்னைக் கையைத் தூக்கி எதையாவது எடுப்பதுபோல நிற்கச் சொன்னார். அம்மி இருக்கும் இடத்தில் குனியச் சொன்னார். பழைய வாசலில் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டே நுழைவதைப் பார்த்து, "நாலு வருஷமா இப்படித்தான் கும்பிடு போட்டுட்டு உள்ள போறியளோ" என்றார். அவரிடம் டேப் இருந்தது, துருப்பிடித்த டேப். அதை ஊருக்குக் காட்டத்தான் வைத்திருந்தார். அவர் உண்மையில் அளந்தது நீல நைலான் நூலால். ஒரு வீட்டுக்கு ஒரு நூல். என் தோள் உயரத்துக்கு ஒரு முடிச்சு, அங்கே அலமாரிப் பலகை. முழங்கை மடங்கும் இடத்தில் ஒரு முடிச்சு, அங்கே மேடை. என் வீட்டுக்காரரின் தலைக்கு நாலு விரல் மேலே ஒன்று, அது வாசல். எல்லாவற்றுக்கும் கீழே, என் தொடைப் பக்கம் ஒரு சின்ன முடிச்சும் போட்டார்.

"அது யாருக்கு அண்ணாச்சி?"

"ஒண்ணர வயசுக்கு" என்றார், என் வயிற்றைப் பார்க்காமலே. "பிள்ள எந்திரிச்சி நின்னு கம்பியப் பிடிச்சிக் கடல் பாக்கணும்லா. நீங்கல்லாம் ஒசரத்துல ஜன்னல வச்சிட்டு, பிள்ளைய இடுப்புல தூக்கிட்டுத் திரிவிய. பொறவு இடுப்பு வலிக்கின்னு சொல்லுவிய."

என்னைத் தங்கச்சி என்றார். அதனால் என் வீட்டுக்காரர் அவருக்கு மாப்பிள்ளை. கேலி பண்ணும்போது மட்டும் நான் "ஏளா" ஆகிவிடுவேன்.

யார் புழங்கப்போகிறார்கள் என்று தெரியாமல் அவருக்குக் கை ஓடாது. திருச்செந்தூரில் ஒரு லாட்ஜ் வேலைக்குப் போய் இரண்டே நாளில் திரும்பிவந்த கதையை அவரே சொல்லுவார். "அந்த அண்ணாச்சிட்ட, இந்த ரூம்புல யாரு படுப்பான்னு கேட்டேன். எவனும் படுப்பான்னாரு. எவனுக்கும்னு ஒரு கட்டடத்த எப்படிக் கட்ட? கரண்டியக் கழுவிட்டு வந்துட்டேன்." இதில் அவருக்குப் பெருமையும் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, நிறையவே இருந்தது.

உடன்குடியில் ஒரு கருப்பட்டி வியாபாரி வீட்டில் நடந்தது இதைவிட வேடிக்கை. அடுக்களை மேடைக்கு அளவெடுக்கப் போனவர், சமைப்பது மருமகள்தான் என்பதைக் கவனித்து அவள் முழங்கைக்கு முடிச்சுப் போட்டுவிட்டார். மாமியார்க்காரி குள்ளம். வேலை முடிந்தபிறகு மேடைமுன் நின்று பார்த்தால் பானைக்குள் இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. என் வீட்டில் அவள் முழங்கையா என்று மூன்று நாள் அடுப்பு எரியாமல் சண்டை. இவர் போய் மாமியாருக்கென்று ஒரு படி கட்டிக் கொடுத்தாராம். "படி மேல ஏறினதும் அந்தம்மா மருமவள விட ரெண்டு விரல் ஒசந்துட்டா. பொறவு அங்கன சத்தமே இல்ல."

இதையெல்லாம் சாப்பிட உட்காரும்போதுதான் சொல்லுவார். ஐப்பசியில் சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தார். மீனைத் தவிர வேறொன்றும் கிடைக்காத தீவில் அவலும் கருப்பட்டியுமாக ஆறு நாள் ஓட்டினார். ஏழாம் நாள் நான் வைத்த நண்டுக் குழம்பில் ஆறு நாள் பாக்கியையும் சேர்த்துத் தீர்த்தார். அந்த மாதங்களில் நாங்கள் மூன்று பேரும் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தோம். அதையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்தத் தீவில் காற்றும் அழுகையும் மட்டுமே இருந்ததுபோல ஆகிவிடும்.

அறை ஐப்பசிக்குள் முடிந்திருக்க வேண்டியது. முடியாமல் போனதற்குக் காரணம் என் வீட்டுக்காரரின் கெட்டிக்காரத்தனம். சிமெண்டு, ஹாலோ பிளாக் கல், தண்ணீர் எல்லாமே படகில் வரவேண்டும். நாலு பக்கமும் மணல் கிடக்கும்போது மணலையும் படகில் கொண்டுவருவதா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கடலோரத்தில் பிறந்தவனுக்குத்தான் இப்படித் தோன்றும். தீவின் மேட்டு மணலைக் கிணற்றுத் தண்ணீரில் அலசி, சாக்கில் கட்டி, ஆற்று மணல் என்று அடுக்கி வைத்துவிட்டார். கொத்தனார் ஒரு பிடி எடுத்து நாக்கில் வைத்தார். துப்பினார்.

"மாப்ள, இத வச்சிக் கட்டுனா ரெண்டு வருஷத்துல சுவரு வேர்க்கும். கம்பி துருப்பிடிச்சி உதிரும். பிள்ள படுக்குற எடம்."

"அலசுனேனே அண்ணாச்சி."

"கடல் தண்ணியில ஊறுன மணலக் கெணத்துச் சவருத் தண்ணியில அலசுனா அது அலசுனதா? உப்ப உப்பால கழுவுதிய."

நாற்பது சாக்கையும் கடற்கரையிலேயே கொட்டினார்கள். ஊரிலிருந்து மறுபடி மணல் வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் வாடை பிடித்துவிட்டது. படகு வருவதே வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று ஆகிவிட்டது.

கார்த்திகை முதல் வாரம். எனக்கு ஏழு மாதம் முடியும் சமயம். இருபது நாளில் மணப்பாட்டில் அம்மா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. சுவர் என் தோளுக்கு வந்திருந்தது. குழந்தைக்கான ஜன்னல், கம்பி மட்டும் இல்லாமல், திறப்பாக நின்றது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றப்போகிறார்கள் என்று படகுக்காரர் போனில் சொன்னார். அதற்குள் கடைசி நடையாகச் சிமெண்டைக் கொண்டுவந்து போட்டுவிடுகிறேன் என்று பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தார். வானம் கருத்துக் கிடந்தது. ஆண்கள் மூன்று பேரும் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் கடுங்காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். கொத்தனார் டம்ளரைக் கையில் வாங்கினார், ஆனால் குடிக்கவில்லை.

"தங்கச்சி, நீயும் இதுல ஏறிக்கோ. ஊருக்குப் போயி ஒரு தடவ டாக்டர்ட்ட காமிச்சிட்டு வந்துரு."

"எதுக்கு? போன வாரம்தான காமிச்சேன்."

"இன்னைக்கு ஒன் நட வேற மாதிரி இருக்கு."

"என் நடைக்கும் நூல் போட்டுப் பாத்தியளோ அண்ணாச்சி" என்றேன்.

படகுக்காரர் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரித்தார். கொத்தனாரும் சிரித்துவிட்டார். அப்போது இரண்டு சொட்டு மழை விழுந்தது. அவர் டம்ளரை மணலில் வைத்துவிட்டு மூட்டையைத் தலையில் தூக்கினார். படகு போய்விட்டது.

அன்றைக்குக் காலையிலிருந்தே குழந்தை அவ்வளவாக அசையவில்லை என்பது எனக்குத் தெரியும். தூங்குகிறது என்று நினைத்தேன். வலி இல்லை, ரத்தம் இல்லை. மறுநாள் கூண்டு ஏற்றிவிட்டார்கள். காற்றும் மழையுமாக மூன்று நாள் கடலைப் பார்க்கவே முடியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தபோது, இது தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னேன். என் வீட்டுக்காரர் தெரிந்த நம்பருக்கெல்லாம் போன் போட்டார். நாலாம் நாள் காலை அவருடைய சிநேகிதர் ஒருவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய படகில் வந்து எங்களை ஏற்றிப்போனார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு, திரையை என் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டார். பெண் குழந்தை. நாலு நாள் முன்னால் வந்திருந்தால் என்று நான் கேட்டபோது, "அப்படி எதையும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார். நல்ல மனுஷி. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

தூத்துக்குடியில் என் மாமியார் வீட்டில் பத்து நாள் இருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது சொன்னார்கள். தீவில் போய் இருப்பார்களா என்றார்கள். முன்னாலேயே தெரியவில்லையா என்றார்கள். கடவுள் கொடுத்தார், எடுத்தார் என்றார்கள். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டபிறகு கன்னம் இருக்குமே, அப்படி உடம்பு முழுக்க இருந்தது. தீவுக்கே போகிறேன் என்றேன். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டுக்காரரிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: அந்த ஜன்னலை அடைக்கச் சொல்லுங்கள். அவர் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

கொத்தனார் அந்தப் பத்து நாளும் தீவில் தனியாக இருந்திருக்கிறார். ஆலயத்தைத் திறந்து, மாலையில் மணியும் அடித்திருக்கிறார், முருக பக்தர். நாங்கள் இறங்கியபோது தண்ணீர்க் கரைவரை வந்து என் பையை வாங்கிக்கொண்டார்.

"வெந்நி போட்டு வச்சிருக்கேன் தங்கச்சி. குளி."

அவ்வளவுதான். உள்ளே போய்ப் பார்த்தேன். ஜன்னல் அடைக்கப்பட்டிருந்தது. புதுச் சாந்து மட்டும் ஈரமாக, மற்ற இடத்தைவிடக் கருப்பாக இருந்தது.

இதற்குமேல் அறை எதற்கு, நிறுத்திவிடலாம் என்று என் வீட்டுக்காரர் அவரிடம் சொன்னது அடுக்களையில் இருந்த எனக்குக் கேட்டது. "பாதிச் சுவரு மழையில நின்னா இருக்குற வீடும் சேந்து ஊறும் மாப்ள. கூர போட்டுருவோம்" என்றார் அவர். அதனால் வேலை தொடர்ந்தது. என் வீட்டுக்காரர் கல் எடுத்துக் கொடுப்பார். அவர் வைப்பார். யாரும் கதை சொல்லவில்லை.

நான் அந்த அறையில்தான் உட்கார்ந்திருப்பேன். காலி சிமெண்டுச் சாக்கை விரித்து, சுவரில் சாய்ந்து, எதிரே அடைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டு. காலை விடிந்து மணி அடித்ததும் வந்தால் சோறு வடிக்கத்தான் எழுந்திருப்பேன். எனக்குப் பால் கட்டியிருந்தது. குடிக்க ஆள் இல்லை என்பது மாருக்கு எப்படித் தெரியும்? அது வற்ற மல்லிகைப்பூவை வைத்துக் கட்டவேண்டும் என்று அம்மா ஈரத்துணியில் சுற்றிப் படகில் கொடுத்துவிடுவார். சாமான்களோடு அந்தப் பொட்டலத்தையும் கொத்தனார்தான் வாங்கிக்கொண்டு வருவார். என் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்த நேரம் என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விடுவார். அறைக்குக் கூரை இல்லாததால் மழை தூறினால் நனைவேன். ஒருநாள் நான் உட்காரும் மூலைக்கு மேலே மட்டும் ஒரு தார்ப்பாய் கட்டியிருந்தது.

அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை. ஊரெல்லாம் தெரியாமல் சொன்னார்கள். தெரிந்து சொல்லக்கூடியவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். நான் அன்றைக்கே சொன்னேன் இல்லையா என்று அவர் ஒருதரம் கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது. கேட்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்காததால் அவரைக் குத்த ஆரம்பித்தேன். உப்பில்லாமல் குழம்பு வைத்தேன். குனிந்த தலை நிமிராமல் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். ஒருநாள், "இந்தச் சுவரு கோணலா இருக்கு" என்றேன். சுவர் நேராகத்தான் இருந்தது. அவர் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஆமா தங்கச்சி. ஒரு நூல் கோணல்தான்" என்றார்.

மேல் வரிசையைப் பிரித்து மறுபடி வைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அதைத் தடுக்கவேண்டும் என்று தோன்றவில்லை.

மார்கழி பாதியில் சிமெண்ட் ஷீட் போட்டுக் கூரை முடிந்தது. பூச்சு வேலைக்கு முந்தின நாள். நான் வழக்கம்போல உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து எனக்குப் பக்கத்தில், ஓரடி தள்ளி, குத்துக்காலிட்டார். மடியிலிருந்து அந்த நீல நூலை எடுத்தார். ஒரு முனையைத் தரையில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை என் கண் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். நான் திரும்பிப் பார்த்தபோது முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நான் வரும்போது எதிர்ச் சுவரை உடைத்துக்கொண்டிருந்தார்.

"அடைக்கச் சொன்னேன்லா?" என்றேன். அந்த மாதத்தில் நான் போட்ட ஒரே சத்தம் அது. என் வீட்டுக்காரர் சாந்துச் சட்டியோடு வாசலில் நின்றுவிட்டார்.

கொத்தனார் உளியைக் கீழே வைத்தார். "அது அடச்சது அடச்சதுதான். அதத் தொடல பாரு" என்றார். உண்மைதான். பழைய அடைப்பு அப்படியே இருந்தது. அதிலிருந்து ஒரு கை தள்ளி, புதிதாக இரண்டு கல்லை எடுத்திருந்தார்.

"அது பிள்ளைக்குன்னு வச்சது. இது ஒனக்கு."

"எனக்கு எதுக்கு இவ்வளவு கீழ?"

"நீ இங்கனதான உக்காந்திருக்க."

நான் எழுந்துவிடுவேன், நாளைக்கே சரியாகிவிடுவேன், எல்லோரையும்போல நின்று கடல் பார்ப்பேன் என்றெல்லாம் அவர் எதிர்பார்க்கவில்லை. உட்கார்ந்திருக்கிறவளுக்கு உட்கார்ந்திருக்கிற உயரத்தில் வைத்தார். நூலைக் காட்டினார். கீழ் முடிச்சை அவிழ்த்திருந்தார். அதற்கு இரண்டு விரல் மேலே புதிய முடிச்சு. நைலான் இல்லையா, அவிழ்த்த இடத்தில் நூல் நேராகாமல் வளைந்தே நின்றது. அவர் அதைக் கட்டைவிரலால் இரண்டு மூன்று முறை நீவிப் பார்த்தார், போகவில்லை. வேலை முடிந்ததும் அந்தந்த வீட்டு நூலை அந்தந்த வீட்டுச் சுவரிலேயே வைத்துப் பூசிவிடுவது அவர் வழக்கம். எங்கள் நூல் இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் இருக்கிறது.

தை பிறந்து மூன்றாம் நாள் படகு வந்தது. காற்று அடங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். கொத்தனார் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். இதற்குமேல் கேட்காமல் விட்டால் எப்போதும் கேட்கமுடியாது என்று போய் நின்றேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு என்னயப் படகுல ஏறச் சொன்னியள்லா."

"ம்."

"அதுக்குப் பொறவு அதப் பத்தி ஒரு வார்த்த பேசலியே நீங்க. நான் சொன்னேன்லா, நீ கேக்கலியேன்னு ஒரு தடவயாது கேட்டிருக்கலாம்லா. நான் தெனமும் பாத்துட்டே இருந்தேன்."

அவர் கரண்டியைத் திருப்பிப் பின்பக்கத்தையும் கழுவினார். அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

"ஒரு தடவதான தங்கச்சி சொன்னேன்" என்றார். "நீ சிரிச்ச. நானும் சிரிச்சேன். இன்னொரு தடவ சொல்லணும்னு வாய்வர வந்திச்சி. அன்னேரம் தூத்தல் விழுந்துட்டு. சிமெண்டு நனஞ்சிருமேன்னு திரும்பிட்டேன்."

படகுக்காரர் கூப்பிட்டார்.

"ஆளப் பாத்துத்தான் கட்டுவேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதேன். அன்னைக்கு மூட்டயப் பாத்துட்டேன். நான் ஒன்ன என்னன்னு கேக்க?"

கரண்டியை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். போகிறபோது என் தலையில் கை வைக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. படகில் ஏறியதும் வழக்கம்போலப் பலகையை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். நிம்மதியாக இருந்தது. இரண்டு மாதமாக நான் மட்டும் தலையில் சுமந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். எதிரே ஒரு மனுஷர் அதே சுமையோடு கல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவருக்கு உப்பில்லாத குழம்பை ஊற்றியிருக்கிறேன். வேண்டாம் அண்ணாச்சி, அது உங்கள் தப்பில்லை என்று ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவும் இல்லை. அவருடைய நம்பருக்கு இரண்டு வருடம் கழித்துப் போட்டபோது வேறு யாரோ எடுத்தார்கள்.

அன்றைக்கு நான் அறைக்குள் வந்து சாக்கில் உட்கார்ந்தேன். ஜன்னல் சரியாக என் கண்ணுக்கு நேரே இருந்தது. கடல், அதற்கப்பால் துறைமுகத்துக் கிரேன்கள், நடுவில் அந்தப் படகு. துறைமுகச் சுவரைத் தாண்டும்வரை பார்த்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பசித்தது. கார்த்திகைக்குப் பிறகு எனக்குப் பசித்தது அன்றைக்குத்தான். அடுக்களைக்குப் போய்ப் பழைய சோற்றைத் தட்டில் போட்டு, உப்பைத் தேடி எடுத்துப் போட்டுப் பிசைந்து கொண்டுவந்து, ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து தின்றேன்.